குறியிட்டால் ஒப்பந்தம்: தனித்துவ வில்லைகளின் நிரலை உருவாக்குவதும் படித்தறிவதும்

முன்னுரை

சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு முதியவர் ஒருவர் வந்து, சுந்தரர் தமக்கு வழிவழி அடிமை என்றும், அதற்குப் பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலை தம்மிடம் உண்டு என்றும் வழக்காடிய கதையைப் பெரிய புராணத்தில் படித்திருக்கிறோம். சினமுற்ற சுந்தரர் அந்த ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். ஆனால் கிழிந்தது படியோலை; மூலவோலை முதியவரிடமே இருந்தது. திருவெண்ணெய்நல்லூர் அவையோர் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூவகைச் சான்றுகளில் ஒன்றைக் காட்டும்படி முதியவரைக் கேட்கின்றனர். ஓலையில் உள்ள கையெழுத்தைப் பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கின்றனர்.

ஒரு பொருள் யாருடையது, அதற்குரிய மூல ஆவணம் எங்கே இருக்கிறது, அதற்கு யார் சாட்சி என்னும் மூன்று கேள்விகளும் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய அந்த அவையோடு முடிந்துவிடவில்லை. இன்று மின்னிலக்கச் சொத்துகளின் உலகிலும் அதே கேள்விகள் எழுகின்றன. ஓலைக்குப் பதிலாக அங்கே கணினி நிரல் இருக்கிறது. அந்த நிரலையும் இன்று யாரும் அமர்ந்து எழுத வேண்டியதில்லை. இணையப் பக்கம் ஒன்றைத் திறந்து, வேண்டிய பெட்டிகளில் குறியிட்டால் ஒரு நிமிடத்தில் ஆவணம் தயாராகிவிடுகிறது.

அவ்வாறு நிரல் எவ்வாறு உருவாகிறது என்பதையும், நாம் இடும் ஒவ்வொரு குறியும் யாருக்கு எந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது என்பதையும் எடுத்துக்காட்டுடன் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நிரலாக்கம் பயிலாத மாணவரும் பின்தொடரும் வகையில் இது அமைந்துள்ளது.

1. சொல் விளக்கம்

பிளாக்செயின் என்பது ஒரு கணக்கேடு. அதன் படிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே நேரத்தில் வைக்கப்படுகின்றன. புதிய பதிவு ஒன்று சேரும்போது எல்லாப் படிகளிலும் சேர்கிறது. ஒரு கணினியில் உள்ள படியை ஒருவர் அழித்தாலும் திருத்தினாலும் பயன் இல்லை. சுந்தரர் படியோலையைக் கிழித்ததைப் போன்றதுதான் அது. நிரல்களை ஏற்று இயக்கக்கூடிய பிளாக்செயின்களில் பெயர் பெற்றது எதீரியம். அது 2015 ஜூலையில் செயல்படத் தொடங்கியது.

ஸ்மார்ட் ஒப்பந்தம் என்னும் கருத்தை 1990களில் முன்வைத்தவர் கணினி அறிஞர் நிக் சாபோ. அவர் காட்டிய உவமை, காசு போட்டால் பானம் தரும் தானியங்கி இயந்திரம். நம் பெருவிரைவு ரயில் நிலையங்களிலும் கல்லூரி வளாகங்களிலும் அதை அன்றாடம் காண்கிறோம். போட வேண்டிய தொகை சரியாக இருந்தால் பானம் விழும், இல்லையேல் விழாது. கடைக்காரரிடம் தவணை கேட்பது போல் இயந்திரத்திடம் கேட்க முடியாது. ஸ்மார்ட் ஒப்பந்தமும் அத்தகையதே. பெயரில் ஒப்பந்தம் என்று இருந்தாலும் அது சட்டத்துறையினர் எழுதும் ஒப்பந்தம் அன்று. பிளாக்செயினில் பதிந்து வைக்கப்பட்ட நிரல்.

வில்லை என்பது அந்த ஏட்டில் ஒருவர் பெயரில் நிற்கும் பதிவு. உங்கள் பத்து வெள்ளி நோட்டும் என் பத்து வெள்ளி நோட்டும் ஒன்றுக்கு ஒன்று ஈடு. மாற்றிக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் நாடக அரங்கின் முதல் வரிசை இருக்கைச் சீட்டும் கடைசி வரிசை இருக்கைச் சீட்டும் அப்படி அல்ல. இவ்வாறு எண்ணிட்டு, ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாத வகையில் உருவாக்கப்படும் பதிவே என்எஃப்டி எனப்படுகிறது. இக்கட்டுரையில் அதைத் தனித்துவ வில்லை என்று குறிப்பிடுவோம்.

இந்தச் சொல் உலகச் செய்தியானது 2021 மார்ச் 11 அன்று. பீப்பிள் என்னும் அமெரிக்க ஓவியரின் மின்னிலக்கப் படைப்பு ஒன்றுக்கான தனித்துவ வில்லை, கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் ஏறக்குறைய 69.3 மில்லியன் அமெரிக்க டாலருக்கு விலைபோனது. மெட்டாகோவன் என்ற புனைபெயரில் அதை வாங்கியவர் விக்னேஷ் சுந்தரேசன். தமிழகத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்துவந்த தொழில்முனைவர். அந்தப் படத்தை இன்றும் எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அவர் வாங்கியது படத்தைப் பார்க்கும் உரிமையை அன்று. ஏட்டில் தம் பெயரில் நிற்கும் ஒரு பதிவை. அந்தப் பதிவுக்கு என்ன பொருள் என்பதை நிர்ணயிப்பதில் பெரும்பங்கு, அதன் பின்னால் இருக்கும் நிரலுக்கு உண்டு.

2. எல்லா வில்லைகளுக்கும் பொதுவான இலக்கணம்

எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் இருப்பது போல், தனித்துவ வில்லைகளுக்கும் பொது இலக்கணம் ஒன்று உண்டு. அதன் பெயர் இஆர்சி-721. வில்லியம் என்ட்ரிகன், டீட்டர் ஷெர்லி உள்ளிட்ட நால்வர் 2018 ஜனவரியில் இதை முன்மொழிந்தனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கிரிப்டோகிட்டிஸ் என்னும் பூனைக்குட்டி விளையாட்டு பரவி, எதீரியத்தையே நெரிசலில் திணறவைத்திருந்தது.

இந்த இலக்கணம் ஒன்பது செயல்களை வரையறுக்கிறது. அவற்றை நான்கு வகையாகப் பிரித்துப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

முதல் வகை, கேட்டறிதல். ஒருவரிடம் எத்தனை வில்லைகள் உள்ளன, குறிப்பிட்ட எண்ணுள்ள வில்லை யாருடையது என இரண்டு செயல்கள்.

இரண்டாம் வகை, கைமாற்றுதல். ஒருவர் பெயரிலிருந்து மற்றொருவர் பெயருக்கு வில்லையை மாற்றும் மூன்று செயல்கள். இவற்றுள் இரண்டு, பெறுகின்ற முகவரி மற்றொரு நிரலாக இருந்தால், வில்லையைக் கையாளும் வகை அதற்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டே மாற்றும்.

மூன்றாம் வகை, அனுமதித்தல். ஒரு வில்லையை மட்டும் கைமாற்ற மற்றொருவருக்கு அனுமதி கொடுப்பது ஒன்று. அந்தத் தொகுப்பில் தம்மிடமுள்ள எல்லா வில்லைகளையும் கைமாற்ற அனுமதி கொடுப்பது மற்றொன்று.

நான்காம் வகை, அனுமதியைச் சரிபார்த்தல். மேற்சொன்ன இரண்டுக்கும் உரிய இரண்டு செயல்கள்.

இவற்றோடு, மாற்றம் நிகழும்போதெல்லாம் ஊரறியச் சொல்லும் மூன்று அறிவிப்புகளும் உண்டு. அயலார் காட்சி என்று அவையோர் கேட்டதற்கு இணையானவை அவை. வில்லை யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதற்கு ஏட்டைப் படிக்கும் எவரும் சாட்சி.

மூன்றாம் வகையில் கவனம் வேண்டும். வில்லைகளைத் திருடுவோர் பெரும்பாலும் நிரலை உடைப்பதில்லை. பொய்யான இணையத்தளம் ஒன்றைக் காட்டி, எல்லா வில்லைகளுக்குமான அனுமதியில் உரிமையாளரையே ஒப்பமிட வைத்துவிடுகின்றனர். நிரலைப் பொறுத்தவரை அது முறையான அனுமதி. படிக்காமல் இடும் கையெழுத்து ஓலைக் காலத்திலும் ஆபத்துதான், இங்கும் அப்படியே.

3. நிரலை உருவாக்கும் கருவி

இஆர்சி-721 என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறதே தவிர, எப்படிச் செய்ய வேண்டும் என்பதை நிரலாளரிடம் விட்டுவிடுகிறது. ஒவ்வொருவரும் முதலிலிருந்து எழுதினால் ஒவ்வொருவரும் ஒரு பிழை செய்வர். ஆகவே பலர் ஆராய்ந்து சோதித்த பகுதிகளை ஒரு நூலகமாகத் தொகுத்து, எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டது ஓப்பன்செப்பெலின் என்னும் நிறுவனம். அந்தப் பகுதிகளை நம் விருப்பத்திற்கேற்ப இணைத்துத் தருவதுதான் அதன் கான்ட்ராக்ட்ஸ் விசார்ட் என்ற இணையக் கருவி. இடப்பக்கம் பெட்டிகள், வலப்பக்கம் நிரல். குறியிடும்போதே நிரல் நம் கண்முன் மாறுகிறது. நிரல் அமையும் மொழியின் பெயர் சொலிடிட்டி.

இன்று செயற்கை நுண்ணறிவு உரையாடிகளும் கேட்ட மாத்திரத்தில் இத்தகைய நிரலை எழுதித் தருகின்றன. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. குறியிடும் கருவி, சோதிக்கப்பட்ட பகுதிகளைக் கோத்துத் தருகிறது. உரையாடி, ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுகிறது. முன்னதில் நாம் சரிபார்க்க வேண்டியது நம் தெரிவுகளை. பின்னதில் ஒவ்வொரு வரியையும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு கருவியை இயக்கிப் பார்ப்போம். லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடை இருப்பதாகக் கொள்வோம். கைவேலைப்பாடு மிக்க 108 ஆரங்களை அக்கடை செய்கிறது. 916 தங்கம் என்பதையும், எடையையும், செய்த ஆண்டையும் குறித்த சான்றிதழை ஒவ்வோர் ஆரத்திற்கும் ஒரு தனித்துவ வில்லையாகக் கொடுக்க விரும்புகிறது. பின்னாளில் ஆரத்தை விற்பவர், வில்லையையும் வாங்குபவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கலாம். கடைக்காரர் கருவியைத் திறந்து, பெயரை எழுதி, 'அச்சிடலாம்', 'எண் தானாகக் கூடட்டும்', 'நிறுத்திவைக்கலாம்' என்னும் மூன்று பெட்டிகளில் குறியிடுகிறார். அதிகாரம் ஒரே உரிமையாளரிடம் இருக்கட்டும் என்றும் தெரிவுசெய்கிறார். கிடைக்கும் நிரலின் சாரத்தைத் தமிழில் இவ்வாறு எழுதலாம்:

ஒப்பந்தம் ஆரச்சான்று: இஆர்சி721, நிறுத்திவைப்பு, தனியுரிமையாளர்
அடுத்த_எண் = 0

செயல் நிறுத்து: உரிமையாளர் மட்டும்
எல்லாக் கைமாற்றங்களையும் நிறுத்திவை

செயல் தொடர்க: உரிமையாளர் மட்டும்
கைமாற்றங்களை மீண்டும் அனுமதி

செயல் அச்சிடு, பெறுநருக்கு: உரிமையாளர் மட்டும்
எண் = அடுத்த_எண்
அடுத்த_எண் = அடுத்த_எண் + 1
பெறுநர் பெயரில் இந்த எண்ணுள்ள வில்லையைப் பதிவுசெய்

இவ்வளவே. மற்றவை எல்லாம் முதல் வரியில் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட நூலகப் பகுதிகளிலிருந்து வந்துவிடுகின்றன. தமிழன்பர்களுக்கு ஒரு செய்தி: சொலிடிட்டியில் செயல்களின் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் எழுத முடியும். ஆனால் வில்லையின் பெயரையும் நிரலுக்கு இடையே எழுதும் விளக்கக் குறிப்புகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதலாம். ஆரத்தின் பெயர் தமிழில் நிற்பதற்குத் தடை இல்லை.

4. ஒவ்வொரு குறியும் ஒரு நிபந்தனை

இனி, வாங்குபவரின் இடத்தில் நின்று அதே நிரலைப் படிப்போம். 

அச்சிடும் உரிமை: மேலே உள்ள நிரலில் 108 என்ற எண் எங்குமே இல்லை. உரிமையாளர் நினைத்தால் நூற்றொன்பதாவது வில்லையையும் பத்தாயிரமாவது வில்லையையும் அச்சிடலாம். 108 மட்டுமே என்று கடையின் விளம்பரம் சொல்லலாம். நிரல் அப்படிச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வைக்க, அச்சிடும் செயலின் தொடக்கத்தில் அடுத்த எண் 108ஐவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே மேலே செல்க என்ற வரியை நாமே சேர்க்க வேண்டும். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. எண்கள் சுழியத்திலிருந்து தொடங்குவதால் கடைசி வில்லையின் எண் 107. 'குறைவாக' என்பதற்குப் பதில் 'குறைவாக அல்லது சமமாக' என்று எழுதிவிட்டால் 109 வில்லைகள் பிறந்துவிடும். ஒரு குறியீட்டின் பிழை, ஒரு வாக்குறுதியின் பிழையாகிறது.

நிறுத்திவைக்கும் உரிமை: திருட்டு நடந்தால் பரவாமல் தடுக்க இது உதவும். ஆனால் அதே பொத்தானை அழுத்தினால், நேர்மையாக வாங்கிய வாடிக்கையாளரும் தம் வில்லையை யாருக்கும் மாற்ற முடியாது. மேலுள்ள நிரலில் இதற்குக் காலவரம்பும் இல்லை. கடை மூடப்பட்டு, உரிமையாளரின் மறைச்சாவியும் தொலைந்துபோனால், நிறுத்திவைத்தது நிறுத்திவைத்தபடியே நிற்கும்.

அழிக்கும் உரிமை: இந்தக் குறியை இட்டால், வில்லையை வைத்திருப்பவரோ அவரிடம் அனுமதி பெற்றவரோ அதை நிரந்தரமாக அழித்துவிடலாம். ஆரத்தை உருக்கிப் புது நகை செய்யும்போது பழைய சான்றிதழை ஒழிக்க இது ஏற்றது. நம் எடுத்துக்காட்டில் கடைக்காரர் இதற்குக் குறியிடவில்லை. ஆதலால் ஆரம் உருகிப் போன பின்னும் அதன் சான்றிதழ் உயிரோடு இருக்கும். வேறொரு நகையோடு சேர்த்து விற்கவும் படலாம்.

அதிகார முறை: ஒரே உரிமையாளர், பணிவாரியாகப் பிரித்த அதிகாரங்கள், தனி நிர்வாக ஒப்பந்தம் எனக் கருவி மூன்று வழிகளைத் தருகிறது. ஒரே உரிமையாளர் என்றால் ஒரே சாவி. அந்தச் சாவியைத் திருடியவரே கடைக்காரர் ஆகிவிடுவார். பணிவாரியாகப் பிரித்தால், அச்சிடுபவர் ஒருவர், நிறுத்திவைப்பவர் மற்றொருவர் என ஏற்பாடு செய்யலாம்.

திருத்தும் உரிமை: பிளாக்செயினில் ஏறிய நிரலைத் திருத்த முடியாது என்பார்கள். ஆனால் முன்வாசல் போல ஓர் ஒப்பந்தத்தை நிறுத்தி, உள்ளே இருக்கும் ஒப்பந்தத்தை மட்டும் மாற்றும் உத்தி உண்டு. கருவியில் அதற்கும் பெட்டி இருக்கிறது. பிழை திருத்த இது வசதி. அதே வேளை, நாம் வாங்கிய நாளில் படித்த விதிகள் நாளை மாறக்கூடும் என்பதும் இதன் பொருள்.

விளக்கம் இருக்கும் இடம்: ஆரத்தின் படமும் எடையும் பெரும்பாலும் பிளாக்செயினில் இருப்பதில்லை. அவை இருக்கும் இணைய முகவரியை மட்டும் வில்லை சுட்டுகிறது. அது கடையின் சொந்த இணையத்தளமாக இருந்தால், தளத்திற்குக் கட்டணம் செலுத்துவது நின்றவுடன் வில்லை வெறும் எண்ணாகிவிடும். படம் மாற்றப்பட்டாலும் வில்லைக்குத் தெரியாது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே முகவரி பிறக்கும் ஐபிஎஃப்எஸ் முறையைக் கையாண்டால், ஓர் எழுத்து மாறினாலும் முகவரி பொருந்தாமல் போய்விடும். அப்போதும் அக்கோப்பை யாரேனும் ஒருவர் தம் கணினியில் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும்.

பங்குத்தொகை: மறுவிற்பனையில் படைப்பாளிக்கு இத்தனை விழுக்காடு என்று தெரிவிக்கும் இஆர்சி-2981 என்ற இணைப்பையும் சேர்க்கலாம். அது தொகையைத் தெரிவிக்குமே ஒழிய வசூலிக்காது. கொடுப்பது விற்பனைத் தளத்தின் விருப்பம். பெரிய விற்பனைத் தளமான ஓப்பன்சீ, படைப்பாளிக் கட்டணத்தைக் கட்டாயமாக்கும் ஏற்பாட்டைக் கைவிடுவதாக 2023 ஆகஸ்டில் அறிவித்தபோது பல கலைஞர்கள் இந்த உண்மையை அனுபவத்தில் உணர்ந்தனர்.

5. நாமே சேர்க்கும் வரிகளின் ஆபத்து

கருவி தந்த பகுதிகள் பலரால் சோதிக்கப்பட்டவை. ஆனால் விற்பனை, ஏலம், பணம் திருப்பித் தருதல் போன்ற நமக்கே உரிய விதிகளை நாம்தான் எழுதுகிறோம். விபத்துகள் பெரும்பாலும் நடப்பது அங்கேதான்.

2022 ஏப்ரலில் அமெரிக்காவின் அக்குதார்ஸ் என்னும் வில்லைத் தொகுப்பு ஏலத்திற்கு வந்தது. கூடுதல் விலை கொடுத்தவர்களுக்கு மிச்சத்தைத் திருப்பித் தந்த பிறகே, படைப்புக் குழு தன் பணத்தை எடுக்கலாம் என்று நிரலில் நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் திருப்பித் தந்ததை எண்ணும்போது ஆட்களின் கணக்கையும், ஏலத்தை எண்ணும்போது வில்லைகளின் கணக்கையும் நிரல் எடுத்துக்கொண்டது. ஒருவரே பல வில்லைகளை ஏலம் கேட்டிருந்ததால், ஆட்களின் எண்ணிக்கை வில்லைகளின் எண்ணிக்கையை ஒருபோதும் எட்டவில்லை. 11,500க்கும் மேற்பட்ட ஈதர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 34 மில்லியன் அமெரிக்க டாலர், ஒப்பந்தத்தினுள் பூட்டப்பட்டது. அதைத் திறக்கும் செயல் அந்த நிரலில் இல்லை. யாரும் திருடவில்லை, யாருக்கும் கிடைக்கவும் இல்லை.

ஆகவே நிரலை உடனே முதன்மை வலையமைப்பில் ஏற்றக் கூடாது. உலாவியிலேயே இயங்கும் ரீமிக்ஸ் போன்ற கருவியில் ஓட்டிப் பார்த்து, மதிப்பில்லாத சோதனை ஈதர் புழங்கும் சோதனை வலையமைப்பில் ஏற்றி, தவறாகப் பயன்படுத்துபவர் எவ்வாறெல்லாம் பயன்படுத்துவார் என்று முயன்று பார்த்து, பெரும்பணம் புழங்கும் என்றால் தணிக்கையாளரிடம் கொடுத்த பின்னரே ஏற்ற வேண்டும்.

6. சிங்கப்பூர் தரும் பாடங்கள்

இதுவரை நாம் பார்த்தது நிரலுக்குள் இருப்பவை. நிரலுக்கு வெளியே நிற்கும் வாக்குறுதிக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி, சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்திலேயே எழுந்தது.

தேக்காவில் அடகுக் கடைகளைப் பார்த்திருப்போம். நகையை வைத்துப் பணம் பெறுபவருக்கு மீட்டுக்கொள்ளக் குறைந்தது 6 மாத அவகாசம் என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. தனித்துவ வில்லையை ஈடாக வைத்து ஈதர் கடன் பெறும் இணையத்தளங்களும் உள்ளன. அங்கே அவகாசத்தை நிர்ணயிப்பது நிரல். சலிப்புற்ற குரங்குகள் என்ற புகழ்பெற்ற தொகுப்பைச் சேர்ந்த 2162ஆம் எண் வில்லையை ஒருவர் இப்படி ஈடாக வைத்திருந்தார். உரிய காலத்தில் கட்ட முடியாவிட்டால் கூடுதல் அவகாசம் தரப்பட வேண்டும், உடனே வில்லையை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது தம் கடன் நிபந்தனை என்று அவர் கூறினார். ஆனால் தவணை தவறியதும் கடன் கொடுத்தவர், தளத்தின் ஒப்பந்தத்திலிருந்த பறிமுதல் செயலை இயக்கினார். வில்லை அவர் பெயருக்கு மாறியது. கடன் கொடுத்தவரின் உண்மைப் பெயர் தெரியாது. தெரிந்தது 'செஃப்பியர்' என்ற புனைபெயர் மட்டுமே.

2022 மே மாதம், அந்த வில்லையை விற்கவோ கைமாற்றவோ கூடாது என நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் நீதிபதி லீ சியூ கின் அதற்கான காரணங்களை எழுத்தில் வெளியிட்டார். ஒன்று சொத்தாவதற்கு அது வரையறுக்கத்தக்கதாக, பிறர் அடையாளம் காணத்தக்கதாக, பிறர் ஏற்றுக்கொள்ளத்தக்கதாக, ஓரளவு நிலைத்திருப்பதாக இருக்க வேண்டும் என்ற பழைய சட்ட அளவுகோலை அவர் வில்லைக்குப் பொருத்திப் பார்த்தார். தடை விதிக்கும் அளவுக்கு அது சொத்துரிமையின் இயல்பைக் கொண்டுள்ளது என முடிவுசெய்தார். பெயர் தெரியாத எதிர்வாதிக்கு டுவிட்டர், டிஸ்கார்டு போன்ற வழிகளில் அறிவிப்புச் சேர்ப்பிக்கவும் இவ்வழக்கில் அனுமதி கிடைத்தது. 2023 ஜூலையில் வேறொரு வழக்கில் நீதிபதி பிலிப் ஜெயரத்தினம், மின்னிலக்க நாணயங்களும் சொத்தே என்று தீர்ப்பளித்தார்.

இதிலிருந்து நாம் கற்பது யாது? நிரலில் எழுதப்படாத வாக்குறுதியை நிரல் காப்பாற்றாது. நீதிமன்றம் காப்பாற்ற முயலலாம்; ஆனால் அதற்கு வழக்கறிஞரும் காலமும் பணமும் வேண்டும். எல்லா வில்லைகளுக்கும் அரசாங்கப் பாதுகாப்பு இருக்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. 2022 பிப்ரவரியில், அப்போதைய மூத்த அமைச்சரும் சிங்கப்பூர் நாணய ஆணையத்துக்குப் பொறுப்பு வகித்தவருமான திரு தர்மன் சண்முகரத்தினம் நாடாளுமன்றக் கேள்விக்கு அளித்த பதிலில், தனித்துவ வில்லைகளை ஆணையம் அப்படியே ஒழுங்குபடுத்துவதில்லை என்றும், ஒரு வில்லை மூலதனச் சந்தைப் பொருளின் இயல்பைப் பெற்றிருந்தால் மட்டுமே அந்தச் சட்டங்கள் பொருந்தும் என்றும் தெளிவுபடுத்தினார்.

இரண்டாவது பாடம் ஆக்கபூர்வமானது. தேக்காவிலும் பிற இடங்களிலும் விற்கும் அரிசியும் பருப்பும் கப்பலில் வருகின்றன. சரக்கு யாருடையது என்பதைக் காட்டும் கப்பல் சரக்குச் சீட்டு, நெடுங்காலமாகத் தாளில்தான் இருந்து வந்தது. மூலச்சீட்டு எவர் கையில் இருக்கிறதோ அவரே சரக்கைக் கோரலாம். கணினிக் கோப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் படியெடுக்கலாம் என்பதால், அதில் மூலம் எது என்பதே சிக்கலாக இருந்தது. 2021இல் சிங்கப்பூர் தன் மின்னியல் பரிவர்த்தனைச் சட்டத்தைத் திருத்தி, கைமாறத்தக்க மின்னியல் ஆவணங்களுக்கும் சட்ட ஏற்பு அளித்தது. தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் உருவாக்கிய டிரேட்டிரஸ்ட் கட்டமைப்பு, இத்தகைய ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் இஆர்சி-721 வில்லையை அச்சிடுகிறது. ஆவணத்தின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் எண்ணே வில்லையின் எண். அதோடு, சரக்கின் உரிமையாளர் ஒருவர், சீட்டைக் கையில் வைத்திருப்பவர் மற்றொருவர் என்னும் வணிக வழக்கத்திற்கேற்ப, உரிமையாளர், வைத்திருப்பவர் என இரண்டு நிலைகள் அந்த நிரலில் தனித்தனியே அமைக்கப்பட்டுள்ளன. வணிகர் நடைமுறையை முதலில் கேட்டறிந்து, பின்னர் நிரலை அதற்கேற்ப வளைத்ததற்கு இது நல்ல சான்று.

இதனுடன் ஓப்பன்செர்ட்ஸ் திட்டத்தை ஒப்பிடுவது பயன் தரும். 2019இல் தொடங்கிய அத்திட்டத்தின்கீழ் நம் கல்வி நிலையங்களின் மின்னிலக்கச் சான்றிதழ்களைப் பிளாக்செயின்வழி சரிபார்க்கலாம். அங்கே சான்றிதழ், கைமாறும் வில்லையாக அமைக்கப்படவில்லை. அதன் அடையாள எண் மட்டுமே பதியப்படுகிறது. காரணம் வெளிப்படை. சரக்குச் சீட்டு கைமாற வேண்டியது. பட்டச்சான்று கைமாறக் கூடாதது. நிரலை உருவாக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது விற்கத்தக்கதா என்பதே. நம் நகைக்கடையின் சான்றிதழ், நகையோடு கைமாற வேண்டும். ஆகவே வில்லை பொருந்துகிறது. ஆயினும் நகை ஒருவரிடமும் வில்லை வேறொருவரிடமும் பிரிந்துபோவதை எந்த நிரலாலும் தடுக்க முடியாது. ஆரத்தில் பொறித்த எண்ணை வில்லையின் எண்ணோடு ஒப்பிடும் கண் எப்போதும் வேண்டும். திருவெண்ணெய்நல்லூர் அவையோர் கையெழுத்தை ஒப்பிட்டதும் இதற்காகவே.

7. பயிற்சி

வாசகர்கள் கீழுள்ள வினாக்களை நண்பர்களோடு சேர்ந்து முயன்று பார்க்கலாம்.

அ. உங்கள் தமிழ் மன்றம் தன் ஆண்டு நாடகத்திற்கு 300 நுழைவுச் சீட்டுகளை வில்லைகளாக வெளியிடுகிறது. அச்சிடும் செயலில் எந்த நிபந்தனையை எழுத வேண்டும்? கடைசி வில்லையின் எண் என்ன?

ஆ. கள்ளச்சந்தை விற்பனையைத் தடுக்க, நாடகம் முடியும்வரை கைமாற்றத்தை நிறுத்திவைக்கச் செயலவை விரும்புகிறது. உடல்நலமின்றி வர இயலாத மாணவர் தம் சீட்டைத் தோழிக்குத் தர என்ன வழி வைப்பீர்கள்?

இ. செயலவை ஆண்டுதோறும் மாறுகிறது. உரிமையாளரின் சாவியை யாரிடம் ஒப்படைப்பது? ஒரே உரிமையாளர் முறையும் பணிவாரி முறையும் இங்கே எவ்வாறு வேறுபடும்?

ஈ. பேச்சுப் போட்டியில் முதல் பரிசு பெற்றவருக்கான சான்றிதழை இதே நிரலால் வழங்கலாமா? ஏன்?

முடிவுரை

நிரல் எழுதுவது சிலருக்கே உரிய திறன் என்றிருந்த நிலை மாறி, குறியிடத் தெரிந்த எவரும் ஒப்பந்தம் உருவாக்கலாம் என்ற நிலை வந்துவிட்டது. இது வரவேற்கத்தக்கதே. சிறு வணிகரும் கலைஞரும் மாணவர் மன்றமும் பெரும் பொருட்செலவின்றித் தம் எண்ணத்தைச் செயலாக்கலாம். ஆனால் எழுதும் உழைப்பு குறைந்த அளவுக்குப் படிக்கும் பொறுப்பு கூடியிருக்கிறது. அச்சிடுபவர் யார், நிறுத்துபவர் யார், மாற்றுபவர் யார், விளக்கம் எங்கே இருக்கிறது, வாய்மொழியாகச் சொன்னவற்றுள் எது நிரலில் இல்லை என்னும் ஐந்து கேள்விகளுக்கும் விடை காணாமல் ஒரு வில்லையை விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். விடைகள் நிரலிலேயே இருக்கின்றன. நிரலை எவரும் எடுத்துப் படிக்கலாம் என்பதுதான் இந்தத் தொழில்நுட்பம் நமக்குத் தரும் மிகப் பெரிய உரிமை.